நகராட்சிக் கட்டடத்தின் பின்னால் ஏழு துளைகள்: ஷ்டௌஃபன் நிகழ்வு ஆய்வு

நிலத்தடி வெப்பத்தை எடுத்து ஒரு கட்டடத்தைச் சூடாக்கும் திட்டம் இது. அந்த வெப்பத்தால் யாருக்கும் எந்தத் தீங்கும் நேரவில்லை. வெப்பத்தை எடுக்கப் போட்ட துளைகள் வழியே தண்ணீர் போகக்கூடாத இடத்துக்குப் போனது, அதன்பின் ஒரு பழைய நகரமே மேலே எழும்பத் தொடங்கியது. நடந்ததை வரிசையாகவும், ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்த முடிவுகளைக் காரணத்தோடும் பதிவு செய்வதே இந்த ஆய்வின் நோக்கம். ஊரின் பெயரும் ஆண்டுகளும் பொதுவெளியில் இருப்பவை. நகராட்சியினர், துளையிட்டவர்கள், வீட்டுக்காரர்கள் ஆகியோரின் பெயர்கள் இங்கே இல்லை.

பின்னணி

ஷ்டௌஃபன் தென்மேற்கு ஜெர்மனியில், பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில், ஃப்ரைபுர்க் நகருக்குத் தெற்கே இருக்கிறது. மக்கள்தொகை ஏறத்தாழ 8,000. ஒருபக்கம் கருங்காட்டு மலை, மறுபக்கம் ரைன் சமவெளி. ஊரின் நடுவில் சுவரோடு சுவர் ஒட்டிய பழைய கல்வீடுகளும், 1546-ல் கட்டிய நகராட்சிக் கட்டடமும் உள்ளன.

2007-ல் அந்தக் கட்டடத்தைப் புதுப்பித்தார்கள். எண்ணெயும் எரிவாயுவும் எரிப்பதைத் தவிர்க்க, ஆழம் குறைந்த புவிவெப்பத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். இது நீராவியால் டர்பைன் ஓட்டி மின்சாரம் எடுக்கும் ஏற்பாடு அல்ல. ஜெர்மனியில் தரைக்குச் சுமார் 10 மீட்டர் கீழே போனால் கோடையும் பனிக்காலமும் தெரியாது, ஆண்டு முழுவதும் 10 டிகிரியை ஒட்டியே இருக்கும். அங்கிருந்து கீழே 100 மீட்டருக்கு ஏறத்தாழ 3 டிகிரி கூடும். அந்த மிதமான சூட்டைக் குழாயில் சுற்றும் திரவம் மேலே கொண்டுவரும். வெப்பப் பம்பு அதை அறைக்கு வேண்டிய அளவு உயர்த்தும். ஒரு பங்கு மின்சாரம் கொடுத்தால் நான்கு பங்கு வெப்பம் கிடைக்கும் என்பது பொதுக் கணக்கு. கோடையில் அதே குழாய்களைக் கட்டடத்தைக் குளிர்விக்கவும் பயன்படுத்தலாம். சிறு ஊர்களுக்கு இது நல்ல ஏற்பாடுதான். ஐரோப்பாவில் லட்சக்கணக்கான துளைகள் எந்தத் தொல்லையும் இல்லாமல் வேலை செய்கின்றன.

2007 செப்டம்பரில் கட்டடத்தை ஒட்டிய சிறிய இடத்தில் ஏழு துளைகள் போட்டார்கள். ஒவ்வொன்றும் 140 மீட்டர் ஆழம். மொத்தம் 980 மீட்டர். ஒரு மீட்டருக்கு 50 வாட் என்று எடுத்தால் நிலத்திலிருந்து 49 கிலோவாட் வரும். வெப்பப் பம்பின் மின்சாரத்தையும் சேர்த்தால் 65 கிலோவாட் அளவுக்குச் சூடாக்கலாம். ஒரு நடுத்தர அலுவலகக் கட்டடத்துக்கு இது போதும்.

ஆழம் எப்படி முடிவாகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் ஐந்தாறு மீட்டராவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றின் வெப்பத்தை மற்றொன்று தின்றுவிடும். பழைய நகரங்களில் அதற்கு இடம் கிடைக்காது. எனவே எண்ணிக்கையைக் குறைத்து ஆழத்தைக் கூட்டுவார்கள். வெப்பத் தேவையை ஒரு மீட்டருக்குக் கிடைக்கும் வெப்பத்தால் வகுத்து ஆழத்தைக் கண்டுபிடிப்பது காகிதத்தில் சரியான கணக்கு. அந்தக் கணக்கில் பாறையின் பெயருக்கு இடமே இல்லை.

தரைக்குக் கீழே என்ன இருந்தது

மேலே ஆற்றுக் கூழாங்கல். அதன் கீழே கொய்ப்பர் எனப்படும் களிப்பாறை அடுக்குகள். அவற்றில் ஒரு பகுதிக்கு ஜிப்சம் கொய்ப்பர் என்றே பெயர். அதற்கும் கீழே சுண்ணாம்புப் பாறை, அதில் அழுத்தத்தோடு அடைபட்ட நிலத்தடி நீர். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கும் ஆர்ட்டீசியன் நீரைக் கேள்விப்பட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வழி கிடைத்தால் அது தானே மேலே ஏறும்.

தொல்லை ஜிப்சம் கொய்ப்பரில் இருந்தது. ஷ்டௌஃபனில் ஏறத்தாழ 60 முதல் 100 மீட்டர் ஆழம் வரை இந்த அடுக்கில் அன்ஹைட்ரைட் இருந்தது பின்னால் தெரியவந்தது. அன்ஹைட்ரைட் என்பது தண்ணீர் சேராத கால்சியம் சல்பேட். தண்ணீர் சேர்ந்துவிட்டால் அதுவே ஜிப்சம், நம் ஊரில் நிலக்கடலைக்கு இடுகிறோமே, அதே பொருள். மாறும்போது பருமன் கூடும். ஒரு கன மீட்டர் அன்ஹைட்ரைட்டின் எடை சுமார் 2,960 கிலோ. அது 780 லிட்டர் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு 1.6 கன மீட்டர் ஜிப்சம் ஆகிறது. அதாவது 60 சதவீதத்துக்குச் சற்று மேல் பெருக்கம்.

பக்கவாட்டில் பாறை நெருக்குவதால் பெருகும் பொருள் பெரும்பாலும் மேல்நோக்கித்தான் போக முடியும். 80 மீட்டர் ஆழத்தில் மேலிருந்து அழுத்தும் பாறையின் சுமை 2 மெகாபாஸ்கலை ஒட்டி இருக்கும். அன்ஹைட்ரைட் வீங்கும்போது எழும் அழுத்தம் இதைவிடப் பல மடங்கு போகக்கூடியது. ஊரின் எடை அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

இது 2007-ல் யாருக்கும் தெரியாத விஷயம் அல்ல. அதே மாநிலத்தில் லேயோன்பெர்க் அருகே 1999-ல் திறந்த ஏங்கெல்பெர்க் நெடுஞ்சாலைச் சுரங்கம் அன்ஹைட்ரைட் பாறை வழியே போகிறது. பாறை வீங்கியதால் அதைத் திரும்பத் திரும்பச் செப்பனிட வேண்டியிருந்தது. சுரங்கம் தோண்டுபவர்கள் இந்தப் பாறையைக் கண்டால் தண்ணீர்க் குழாயையே தள்ளி வைப்பார்கள். சுரங்கக்காரர்களின் அந்த அனுபவம் வெப்பத் துளை போடுபவர்களின் பக்கம் வந்து சேரவில்லை. 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளை சுரங்கத்தைப் போலவே நடந்துகொள்ளும் என்று எவரும் நினைத்திருக்க மாட்டார்கள் என்பதுதான் எங்கள் கணிப்பு.

இன்னொன்று. இந்த அடுக்கு இத்தனை காலமும் ஏன் வீங்காமல் இருந்தது? மேலே களிப்பாறை மூடியிருந்தது. கீழே இருந்த அழுத்த நீர் மேலே ஏற வழி இல்லை. தண்ணீர் கிடைக்காததால்தான் அன்ஹைட்ரைட் அன்ஹைட்ரைட்டாகவே இருந்தது. ஏழு துளைகளும் மூடியைத் துளைத்து, அந்த அடுக்கைக் கடந்து, அடியில் இருந்த நீர் வரை போய்விட்டன.

துளையின் அமைப்பு: எங்கே கசியும்

இந்தப் பகுதியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாமே இதிலிருந்து வந்தவை.

இத்தகைய துளையின் விட்டம் வழக்கமாக 130 முதல் 180 மில்லிமீட்டர். அதற்குள் இரண்டு யு வடிவ பாலிஎத்திலீன் குழாய்கள் இறங்கும். மேலிருந்து பார்த்தால் 32 மில்லிமீட்டர் விட்டத்தில் நான்கு குழாய்கள் தெரியும். குழாய்களுக்கும் துளைச் சுவருக்கும் இடையில் உள்ள வெற்றிடத்தைப் பெண்டோனைட் களிமண்ணும் சிமென்ட்டும் கலந்த கூழால் நிரப்ப வேண்டும். அந்தக் கூழுக்கு இரண்டு வேலை. பாறையின் வெப்பத்தைக் குழாய்க்குக் கடத்துவது ஒன்று. வெவ்வேறு ஆழத்தில் இருக்கும் நீரடுக்குகள் ஒன்றோடொன்று சேராமல் தடுப்பது மற்றொன்று. கூழ் சரியாக நிற்காவிட்டாலும் வெப்பம் ஓரளவு வந்துகொண்டுதான் இருக்கும். அதனால் முதல் வேலையை வைத்து இரண்டாவதைச் சோதிக்க முடியாது. வெப்பப் பம்பு ஓடுகிறது, கட்டடம் சூடாகிறது, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே தோன்றும்.

கூழை அடியிலிருந்து மேல்நோக்கி நிரப்ப வேண்டும். அதற்கென்று ஐந்தாவது குழாய் ஒன்று அடிவரை போகும். மேலிருந்து கொட்டினால் நடுவில் தொங்கி நின்றுவிடும், கீழே வெற்றிடம் தங்கும். அளவுக் கணக்கும் உண்டு. 150 மில்லிமீட்டர் விட்டத்தில் 140 மீட்டர் துளையின் கொள்ளளவு ஏறத்தாழ 2.5 கன மீட்டர். நான்கு குழாய்கள் அதில் 0.45 கன மீட்டரை எடுத்துக்கொள்ளும். ஆக, 2 கன மீட்டர் கூழாவது உள்ளே போக வேண்டும். அதைவிடக் குறைவாகப் போயிருந்தால் எங்கோ வெற்றிடம் இருக்கிறது என்று பொருள். இரண்டு மூன்று மடங்கு போயும் மேலே வரவில்லை என்றால் பாறைப் பிளவு கூழை விழுங்குகிறது. மேலே வழிந்து வரும் கூழின் அடர்த்தி, உள்ளே அனுப்பிய கூழின் அடர்த்திக்குச் சமமாகும்வரை பம்பு செய்வதை நிறுத்தக்கூடாது. முதலில் வழிவது தண்ணீர் கலந்ததாகவே இருக்கும்.

கீழே அழுத்த நீர் இருந்தால் இவை எல்லாமே கடினமாகிவிடும். ஈரமாக இருக்கும்வரை கூழ் தன் எடையால் நீரை அமுக்கி வைத்திருக்கும். 1.3 அடர்த்தியுள்ள கூழ் 140 மீட்டர் ஆழத்தில் தண்ணீரைவிட 42 மீட்டர் நீர்மட்டத்துக்குச் சமமான கூடுதல் அழுத்தம் தரும். ஆனால் கெட்டியாகத் தொடங்கியதும் அந்த எடை பக்கச் சுவர்களில் தொங்கிவிடும், அடியில் அழுத்தம் குறையும். முழுதாகக் கெட்டியாவதற்கு முன் வரும் அந்தச் சில மணி நேரத்தில் கீழிருக்கும் நீர் கூழுக்குள் ஒரு மெல்லிய வாய்க்காலை அறுத்துக்கொண்டு மேலே வந்துவிடலாம். நான்கு குழாய்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில் கூழ் நுழையவே முடியாது, அதுவும் ஒரு வழி. சல்பேட் மிகுந்த பாறையில் சாதாரண சிமென்ட்டைப் போட்டால் அதையும் சல்பேட் அரித்துவிடும். சல்பேட்டைத் தாங்கும் சிமென்ட் தனி ரகம்.

மாநில நிலவியல் துறை பின்னால் ஆராய்ந்து சொன்னதும் இதுவே: துளைகளைச் சுற்றியிருந்த அடைப்பு முழுமையாக இல்லை. அதன் வழியே கீழிருந்த அழுத்த நீர் ஏறி அன்ஹைட்ரைட் அடுக்குக்குள் போயிருக்கிறது.

கவனித்தவை

வேலை முடிந்த சில வாரங்களில் முதல் விரிசல்கள் தென்பட்டன. பழைய கட்டடம், புதுப்பிக்கும் வேலை, பக்கத்தில் துளையிட்ட அதிர்வு என்று விரிசலுக்கு வேறு காரணங்கள் சொல்ல முடிந்த காலம் அது. 2008-ல் விரிசல்கள் பக்கத்துத் தெருக்களுக்கும் பரவியதும் அந்த விளக்கங்கள் நிற்கவில்லை.

விரிசல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, கட்டடக்காரர்கள் குறுக்கே ஒரு பட்டை பூசி, தேதி எழுதிவைப்பது வழக்கம். பட்டை உடைந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது. அந்தப் பட்டை வழக்கமாக ஜிப்சத்தால்தான் பூசப்படும் என்பது இந்த ஊரின் விஷயத்தில் ஒரு கசப்பான தற்செயல்.

மட்டமளப்பு தொடங்கியதும் திசை தெளிவானது. நிலம் இறங்கவில்லை, ஏறிக்கொண்டிருந்தது. நகராட்சிக் கட்டடத்தைச் சுற்றி ஒரு திமில் போல எழுந்தது. வேகம் மிகுந்திருந்த நாட்களில் மாதம் 11 மில்லிமீட்டர் வரை உயர்ந்தது. டெர்ராசார்-எக்ஸ் என்ற ஜெர்மன் ரேடார் செயற்கைக்கோளின் படங்களை வைத்து, போட்ஸ்டாம் புவி ஆய்வு மையத்தினர் 2008 முதல் 2011 வரையிலான எழுச்சியைத் தனியாகக் கணக்கிட்டார்கள். தரையில் எடுத்த அளவும் வானிலிருந்து எடுத்த அளவும் ஒத்துப்போயின. ஏழு துளைகள் இருந்த இடத்தின் அருகேதான் எழுச்சி உச்சத்தில் இருந்தது. காரணத்தைச் சந்தேகிக்க இதற்கு மேல் இடமில்லை.

மொத்தமாக, ஒரே சீராக எழும்பியிருந்தால் கட்டடங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. திமிலின் சரிவில் இருந்த வீடுகள்தான் கிழிந்தன. 10 மீட்டர் நீளமுள்ள வீட்டின் ஒரு முனை மறுமுனையைவிட 5 சென்டிமீட்டர் உயர்ந்தால் சாய்வு 200-க்கு 1. விரிசல் வராமல் இருக்க வேண்டுமானால் 500-க்கு 1 என்பதைத் தாண்டக்கூடாது என்பது கட்டட வல்லுநர்கள் வைத்திருக்கும் வரம்பு. 150-க்கு 1 ஆகிவிட்டால் சுவர் மட்டுமல்லாமல் கட்டடத்தின் உடலே பாதிக்கப்படும். இந்த ஊரின் வீடுகளோ பொதுச்சுவர் கொண்டவை, நடுவில் இணைப்பு இடைவெளி கிடையாது. முழு வரிசையும் ஒரே உடல் போல வளைந்து, பலவீனமான இடத்தைத் தேடிப் பிளந்தது: சன்னல் மூலைகள், வாசல் வளைவுகள், இரண்டு வீடு சேரும் கோடு. நிலம் பக்கவாட்டிலும் விரிந்ததால், திமிலின் விளிம்பில் இழுவையும் சேர்ந்துகொண்டது. கதவுகள் சட்டத்தில் சிக்கின. தரைக்குக் கீழே எரிவாயு, குடிநீர், கழிவுநீர்க் குழாய்கள் எந்நேரமும் முறியலாம் என்ற நிலை வந்தது.

ஏறத்தாழ 270 கட்டடங்கள் சேதமானதாகக் கணக்கெடுத்தார்கள். விரிசல்கள் மேல் 'ஷ்டௌஃபன் உடைந்துவிடக் கூடாது' என்ற வாசகத்தோடு பெரிய ஒட்டுகளை ஊரார் ஒட்டினார்கள்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, அவசரப்பட்டு எதையும் பிடுங்காமல் இருந்தது. துளைகள்தான் காரணம் என்றால் அவற்றை எடுத்துவிட்டு அடைத்துவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். அது நடக்காது. 140 மீட்டர் ஆழத் துளை நேராக இருப்பதில்லை, அடியில் மேல்முனையிலிருந்து பல மீட்டர் விலகியிருக்கலாம். பிளாஸ்டிக் குழாயைப் பின்தொடர்ந்து மறுபடி துளையிட்டால், ரிக்கின் முனை குழாயை விட்டு விலகி எட்டாவது துளையைப் போட்டுவிடும். முறிந்த குழாய் உள்ளே தங்கினால் பழைய வழியும் திறந்தே இருக்கும்.

இரண்டாவது, கீழே என்ன இருக்கிறது என்பதை நேரில் பார்ப்பது. நிலவியல் துறை 2009-ல் ஆய்வுத் துளை போட்டுப் பாறைத் தண்டுகளை முழுதாக எடுத்தது. அன்ஹைட்ரைட் எந்த ஆழத்தில் தொடங்குகிறது, எங்கே முடிகிறது, அதில் எவ்வளவு ஏற்கெனவே ஜிப்சம் ஆகிவிட்டது, கீழ்நீரின் அழுத்தம் எவ்வளவு என்று இதற்குப் பிறகுதான் தெரிந்தது. 2007-ல் வெப்பத் துளைகளுக்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை இது. இரண்டு ஆண்டு தாமதமானாலும் அடுத்த முடிவுகள் எல்லாமே இதன் மேல்தான் நின்றன.

மூன்றாவது, இருக்கும் துளைகளில் மறுபடி சிமென்ட் கூழை அழுத்தி ஏற்றுவது. நீர் ஏறும் வழியையே அடைக்கும் முயற்சி. செய்ய வேண்டியதுதான். ஆனால் எந்தச் சந்து எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வெளியிலிருந்து அடைப்பதால், ஒன்றை அடைத்தால் இன்னொன்று மிஞ்சியிருக்காது என்று உறுதி சொல்ல முடியாது. எனவே இதை மட்டும் நம்பி நிற்கவில்லை.

நான்காவது முடிவுதான் உண்மையில் வேகத்தைக் குறைத்தது: நீரை இறைப்பது. 2009 இறுதியில் முதல் இறைப்புக் கிணறும், 2011-ல் இரண்டாவதும் ஓடத் தொடங்கின. கீழ்நீரடுக்கின் மட்டம் வீங்கும் அடுக்குக்கும் கீழே இறங்கிவிட்டால், மேலே தள்ளும் அழுத்தம் போய்விடும். அடைப்பில் ஓட்டை இருந்தாலும் அதில் ஏற நீர் இருக்காது. இந்தக் கிணறுகளும் அதே அன்ஹைட்ரைட்டைக் கடந்துதான் போக வேண்டும் என்பதால் அவற்றின் கேசிங்கும் அடைப்பும் மிகக் கவனமாகச் செய்யப்பட வேண்டியவை. மருந்துக்குப் போட்ட துளை நோயைக் கூட்டிவிடக்கூடாது.

நகருக்குள் இதற்கு இணையாக வேறு வேலைகள் நடந்தன. சுவர்களை இரும்புக் கம்பிகளால் இழுத்துக் கட்டினார்கள், சன்னல்களுக்கு முட்டுக் கொடுத்தார்கள், நிலத்தடிக் குழாய்களைக் கண்காணித்தார்கள். நிலம் நகர்ந்துகொண்டிருக்கும்போது விரிசலைப் பூசி மெழுகுவது வீண் செலவு என்பதால் பல வீடுகளில் நிரந்தரச் செப்பனிடலைத் தள்ளிப்போட வேண்டியிருந்தது. பணத்தைவிட இந்தக் காத்திருப்பே குடியிருந்தவர்களை அதிகம் அலைக்கழித்திருக்கும்.

தொடர்ந்து நடந்தவை

இறைப்பு தொடங்கியபின் உயர்வு படிப்படியாகக் குறைந்தது. மாதம் 11 மில்லிமீட்டராக இருந்தது சில ஆண்டுகளில் 2 மில்லிமீட்டருக்கும் கீழே வந்தது. ஆனால் உடனே நிற்கவில்லை. அடுக்குக்குள் ஏற்கெனவே போய்ச் சேர்ந்த நீர் பாறையின் நுண்துளைகளில் இருக்கிறது. அது தீரும்வரை மாற்றமும் நடந்துகொண்டிருக்கும். உச்சத்தில் மொத்த எழுச்சி அரை மீட்டரைத் தாண்டியது.

இரண்டு கட்டடங்களைக் காப்பாற்ற வழியில்லாமல் இடிக்க நேர்ந்தது. மொத்தச் சேதம் 5 கோடி யூரோவுக்கு மேல் என மதிப்பிட்டார்கள். தனியார் வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவரும் நீதிமன்றம் போனால் பத்தாண்டு ஆகும் என்பதால், இழப்பை மதிப்பிட்டுப் பணம் கொடுக்க ஒரு சமரச அமைப்பை ஏற்படுத்தினார்கள். மாநில அரசும் பணம் போட்டது. எங்கள் பார்வையில் இந்த நிகழ்வில் ஒழுங்காக நடந்த காரியங்களில் இது ஒன்று. குற்றம் யாருடையது என்ற வழக்கும், வீட்டைச் செப்பனிடும் பணமும் வெவ்வேறு பாதையில் போயின.

இன்னொரு விளைவு கணக்குப் புத்தகத்தில் தெரியும். ஒரு கட்டடத்தின் எரிபொருளை மிச்சப்படுத்த வந்த ஏற்பாடு, முடிவு தெரியாத காலத்துக்கு ஆழத்திலிருந்து இரவும் பகலும் நீர் இறைக்கும் ஏற்பாடாக மாறியிருக்கிறது. இறைப்பை நிறுத்தினால் மட்டம் மறுபடி ஏறும்.

ஷ்டௌஃபன் தனி நிகழ்வும் அல்ல. அதே மாநிலத்தில் பூப்லிங்கனிலும், எல்லை தாண்டி பிரான்ஸின் அல்சாஸ் பகுதியில் லோஷ்வில்லர் என்ற சிற்றூரிலும் வெப்பத் துளைகளுக்குப் பின் இதே போல நிலம் வீங்கியது. லோஷ்வில்லரில் இருந்தது ஒரே வீட்டுக்கான துளை. அளவு சிறிது என்பது பாதுகாப்பு அல்ல என்பதற்கு அது போதும்.

மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம் 2011-ல் வெப்பத் துளைகளுக்குத் தர உறுதி விதிகளைக் கொண்டுவந்தது. அவற்றின் சாரம்: ஜிப்சமோ அன்ஹைட்ரைட்டோ உள்ள பாறை தொடங்கும் இடத்தில் துளையை நிறுத்திவிட வேண்டும், கூழ் நிரப்புவதைக் கருவி வைத்துப் பதிவு செய்ய வேண்டும், தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே இழப்பீடு தரும் காப்பீடு இருக்க வேண்டும்.

ஆபத்து அன்ஹைட்ரைட்டில் இருக்கும்போது, வீங்காத ஜிப்சத்திலேயே ஏன் நிறுத்தச் சொல்கிறார்கள்? மேலிருந்து மழைநீர் பல்லாயிரம் ஆண்டுகளாக இறங்கி, அடுக்கின் மேற்பகுதியை ஏற்கெனவே ஜிப்சம் ஆக்கியிருக்கும். அதற்கும் மேலே ஜிப்சம் கரைந்துபோன வெற்றுக் களிப்பாறை இருக்கும். எனவே கீழே இறங்கும் ரிக் முதலில் சந்திப்பது ஜிப்சம். அன்ஹைட்ரைட் அதற்குச் சில மீட்டர் கீழே காத்திருக்கலாம். கரையக்கூடிய ஜிப்சத்தைத் துளைத்து நீர் விடுவதும் தனி ஆபத்து, நாளடைவில் குழிவிழும்.

எங்கள் கருத்தில் விதியைவிட முக்கியமானது, அதைத் துளைமேட்டில் நடைமுறைப்படுத்தும் ஆள். காற்றடித்துத் துளையிடும்போது மேலே வருவது பொடியும் சில்லுகளும்தான். ஒவ்வொரு இரண்டு மீட்டருக்கும் ஒரு கைப்பிடி அள்ளி, ஆழம் எழுதிய பெட்டியில் வரிசையாக வைக்க வேண்டும். வெள்ளை நரம்போ வெள்ளைச் சில்லோ வந்ததும் வேலையை நிறுத்திவிட்டுச் சோதிக்கலாம். நகத்தால் கீறினால் ஜிப்சத்தில் கோடு விழும். அன்ஹைட்ரைட்டில் விழாது, கத்தி முனை வேண்டும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்புக்கல் நுரைக்கும், இவை இரண்டும் நுரைக்காது. சந்தேகம் தீரவில்லை என்றால் பொடியைத் தண்ணீரில் கலக்கி வடித்து, சில சொட்டு அமிலத்தோடு பேரியம் குளோரைடு விட்டால், சல்பேட் இருக்கும்பட்சத்தில் வெள்ளையாகப் படியும். பேரியம் நச்சு என்பதால் கையுறை அவசியம். எல்லாம் சேர்த்து அரை மணி நேரம். அந்த அரை மணிக்கு ரிக்கின் வாடகை ஓடுகிறதே என்று யோசிக்கும் ஒப்பந்தம்தான் பிழையான ஒப்பந்தம். மீட்டர் கணக்கில் கூலி பேசினால், துளையிடுபவருக்கு நிறுத்துவதால் நட்டம். பாறை காரணமாக நிறுத்திய துளைக்கும் திட்டமிட்ட ஆழத்துக்கான கூலியைக் கொடுப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

ஆழம் குறைந்தால் வெப்பமும் குறையுமே என்றால், குறையும். 140 மீட்டருக்குப் பதில் 50 மீட்டரில் நிறுத்த நேர்ந்தால் ஏழு துளைகளுக்குப் பதில் ஏறத்தாழ இருபது வேண்டும். அதற்கு இடம் இல்லாத பழைய நகரத்தில், மேலடுக்குக் கூழாங்கல்லில் இருக்கும் நிலத்தடி நீரைக் கிணற்றிலிருந்து எடுத்து, வெப்பத்தை மட்டும் பிரித்து இன்னொரு கிணற்றில் திருப்பி விடலாம். அதுவும் முடியாவிட்டால் காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் பம்பு இருக்கிறது, கடுங்குளிரில் அதன் திறன் சற்றுக் குறைவு. இந்த மூன்றில் எதுவும் 60 மீட்டருக்குக் கீழே போவதில்லை.

கடைசியாக, அளவுகளின் ஒழுங்கு. முதல் துளைக்கு முன்பே சுற்றியுள்ள கட்டடங்களில் மட்டக் குறிகள் பதித்து ஒருமுறை அளந்து வைக்க வேண்டும். அப்படி ஒரு தொடக்க அளவு இருந்தால் முதல் விரிசல் தென்படும் வாரத்திலேயே நிலம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லிவிடலாம். கூழ் நிரப்பிய பதிவில் ஒவ்வொரு துளைக்கும் நான்கு எண்கள் தனித்தனியாக இருக்க வேண்டும்: கணக்கிட்ட கொள்ளளவு, உண்மையில் போன அளவு, உள்ளே அனுப்பிய அடர்த்தி, மேலே வழிந்த அடர்த்தி. ஏழு துளைக்கும் சேர்த்து ஒரே மொத்தமாக எழுதியிருந்தால், எது கசிகிறது என்று பின்னால் எந்த நிபுணராலும் கண்டுபிடிக்க முடியாது.